பந்தில்லாத பொல்லு

10 மார்ச் 2025
பள்ளி அதிபர் கூப்பிட்டார். வகுப்பு முடிந்து நான் நடத்தும் ஹேர்லிங் பயிற்சியை, பொல்லால் பந்தடிக்கும் அந்த அயர்லாந்து ஆட்டத்தை, நிறுத்த வேண்டுமாம். "இந்தப் பிள்ளைகளின் கையில் பொல்லா? யோசித்துப் பாருங்கள்." இந்தப் பிள்ளைகள் என்றால்? இந்த ஜெர்மன் நகரமான டோர்ட்மண்டின் ஏழை வடபகுதி நோர்ட்ஸ்டாட்டில் வாழும் சிரியர், பல்கேரியர், தமிழர். நகரத்தின் தெற்கே, வசதியானவர்களின் பிள்ளைகள் படிக்கும் ஜிம்னாசியம் என்ற உயர்பள்ளியில் ஹொக்கி ஆடுகிறார்கள். அதுவும் பொல்லுதான். அங்கே அது விளையாட்டு, இங்கே ஆயுதம்.

என் ஒப்பந்தம் ஜூலையில் முடிவதையும் நினைவுபடுத்தினார். மிக மரியாதையாக.

11 மார்ச்
அம்மா அயர்லாந்திலிருந்து தொலைபேசியில். "பத்து வருசம் அந்தக் கொட்டனைத் தூக்கிக்கொண்டு ஓடினாய். மாவட்ட அணி வரைக்கும் போனாய். ஒரு சதம் தந்தவங்களோ? இப்ப இருக்கிற வேலையையும் அதுக்காக விடப்போறியோ?"

தரவில்லை. அங்கே யாருக்கும் தருவதில்லை. ஞாயிறு எண்பதாயிரம் பேர் முன்னால் ஆடுபவன் திங்கள் காலை வகுப்பில் சோக்கோடு நிற்பான். வளர்ந்த ஊருக்குத்தான் ஆடலாம். வேறு ஊர் காசு கொடுத்து வாங்க ஏலாது. பதினொரு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து போன என்னை அந்தச் சின்ன ஊர் தன் அணிச் சட்டையைப் போட்டுத் தன் ஆளாக்கியது. முழங்கால் போன பிறகுதான் ஆசிரியனானேன்.

இங்கே எங்கள் பிள்ளைகளிடம் எல்லோரும் கேட்கிறார்கள்: உண்மையில் நீ எந்த ஊர்? இந்த ஊர்தான் என்று சொல்ல இவர்களுக்கும் ஒரு சட்டை வேண்டாமா?

13 மார்ச்
நிறுத்தவில்லை. பூங்காவுக்கு மாற்றிவிட்டேன்.

19 மே
அதிபர் சிரித்துக்கொண்டே வந்தார். கோடை விழாவுக்குப் பத்திரிகையாளர் வருகிறாராம். "பிள்ளைகள் பொல்லோடு நிற்கட்டும். குடியேறியவர்களின் ஒருங்கிணைப்புக்கு நல்ல படம். பந்து மட்டும் வேண்டாம்."

பந்தில்லாத பொல்லு! மார்ச்சில் ஆயுதம், மேயில் ஒருங்கிணைப்பு. ஆட்டம் இல்லாமல் படம் இல்லை என்றேன். அப்படியென்றால் ஒப்பந்தத்தைப் பற்றி விழாவுக்குப் பிறகு பேசுவோம் என்றார். பேசுங்கோ.

28 ஜூன்
விழா. படத்துக்கு வரிசையில் நின்ற துஷானி மெல்லக் கேட்டாள். பதினாலு வயது, முதல் நாள் பொல்லை விளக்குமாறு மாதிரிப் பிடித்தவள்.

"சேர், பந்து இருக்கோ?"

"இருக்கு."

"எறிஞ்சா உங்கட வேலை போகுமெண்டு கதைக்கினம்."

"ஓம். தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டு ஓடு."

எறிந்தேன். அரை மணி நேரம் ஆடினார்கள். ஒருவருக்கும் காயமில்லை. சாப்பாட்டுக் கடையில் நின்ற பெற்றோர் தட்டுகளோடு ஓடிவந்து கத்தினார்கள். அதிபர் மட்டும் கை கட்டி நின்றார்.

2 ஜூலை
ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை.

14 ஓகஸ்ட்
தெற்கு ஜிம்னாசியம் வேலை தருகிறது. ஹேர்லிங் ஆடியவன் என்பதற்காகவே! "அபூர்வமான அனுபவம்" என்றார்கள். அதே பொல்லு, அதே நான். என்னை வாங்கப் பார்க்கிறார்கள். வேண்டாம் என்று எழுத உட்கார்ந்தேன். வீட்டு வாடகையை யார் கட்டுவது? சம்மதித்தேன், ஒரு நிபந்தனையோடு: அங்கே நான் பழக்கும் ஹேர்லிங் அணியின் முதல் ஆட்டம் எங்கள் பூங்காவில், எங்கள் பிள்ளைகளோடு.

20 செப்டம்பர்
துஷானியின் அணிக்குச் சட்டை வந்துவிட்டது. நெஞ்சில் பெரிதாக, நோர்ட்ஸ்டாட். ஆட்டம் பார்க்கத் தெற்கிலிருந்து வந்த பெற்றோர் காரை இங்கே விடலாமா என்று மூன்று தரம் கேட்டார்கள். விடலாம், நாங்கள் தின்பதில்லை என்றேன்.

"சேர், இப்ப நீங்கள் எந்தப் பக்கம்?" துஷானி சிரித்தாள்.

"நான் நடுவர். போய் நில்லு."

முதல் புள்ளி அவளுடையது. நடுவர் கை தட்டக் கூடாது.

தட்டினேன்.