தயாவின் முதன்மை எண்

நெல்லியடி
03.03.2025

என் சிசிலிக்கு,

வாட்ஸ்அப்பில் நீ பார்த்த அடையாளம் விழுகிறது, பதில் விழவில்லை. அதுதான் தபாற்காரரை நம்பினேன். பிள்ளைகள் சுகமா?

என் கணினி ஒரு முதன்மை எண்ணைக் கண்டிருக்கிறது! ஒன்பது இலட்சம் இலக்கம். தன்னையும் ஒன்றையும் தவிர எதனாலும் வகுபடாது. கம்பஸில் படித்த காலத்திலிருந்து நாமிருவரும் தேடிய சாமான்தானே. இன்னொருவர் தன் கணினியில் சரிபார்த்தால்தான், இந்த எண்களைத் தேடுகிற இணையக் குழு கண்டுபிடித்தவள் என்று என் பெயரைப் போடும். உன்னை விட்டால் எனக்கு யார்? எண்ணை ஈமெயிலில் அனுப்பியிருக்கிறேன்.

உன் தயாளினி

பாசையூர்
14.03.2025

தயா,

பிள்ளைகள் சுகம். என் வயிறுதான் எரிகிறது, ஒளிப்பானேன்? உன் கணினிக்கு ஏசி அறை. என் மடிக்கணினி தகரக் கூரைக்குக் கீழே மீன் பொரிக்கிற சட்டி மாதிரிக் கொதிக்கிறது. உன்னளவு காலம் நானும் தேடினேனே! "உங்கடை சிநேகிதிக்கு லொத்தர் அடிச்சிட்டுது போல" என்று இவர் வேறு சிரிக்கிறார்.

முடிவைக் கேள். உன் எண் முதன்மை என்றால், சோதனையின் கடைசி மீதி அந்த எண்ணைவிட ஒன்று குறைவாக வரவேண்டும். வரவில்லை, வேறேதோ வந்தது. எதால் வகுபடும் என்று இந்தச் சோதனை சொல்லாது. முதன்மை இல்லை என்று மட்டும் சொல்லும். கவலைப்படாதே.

சிசிலியா

நெல்லியடி
20.03.2025

அன்புச் சிசிலி,

படித்துவிட்டு அழுதேன். "ஒரு நம்பருக்கோ உந்த அழுகை?" என்று அம்மா ஏசினார். எங்கள் பள்ளிக்கூடத்துப் பிரவீணன் சேர், "வேறை ஆளிட்டையும் குடுத்துப் பாருங்கோ ரீச்சர்" என்றார். "சிசிலி சொன்னால் சொன்னதுதான் சேர்" என்றேன். மாத முடிவில் எண்ணை விலக்கிக்கொள்வதாகக் குழுவுக்கு எழுதுகிறேன். இந்த வெக்கைக்குள் எனக்காகச் சோதனையை ஓட்டினாயே, அது போதும்.

உன் தயா

பாசையூர்
27.03.2025

தயா,

குழுவுக்கு எழுதாதே. ஃபோனில் சொல்ல வாய் வரவில்லை, தபாலும் பிந்தும் என்று இந்தக் கடிதத்தை இவர் கையில் கொடுத்துவிடுகிறேன்.

அன்று என் மடிக்கணினி சூட்டில் பிழைவிட்டிருக்கிறது. இடையில் ஓரிலக்கம் பிசகினாலும் மீதி முழுக்க மாறிவிடும். இரண்டாம் தரம் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? ஓட்டவில்லை. வந்த விடை இனித்தது. அன்றைக்குப் பாயாசம் காய்ச்சினேனடி.

உன் கடிதம் வந்தபிறகு சோறு இறங்கவில்லை. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடக் கணினியில் இரண்டு தரம் ஓட்டினேன். அப்போதும் முதன்மையாக இருக்கக் கூடாதென்றுதான் அந்தோனியாரிடம் கேட்டேன். இரண்டு தரமும் ஒன்று குறைவாகவே வந்தது. உன்னுடையது முதன்மை எண்தான். சரிபார்த்தவள் நான் என்று குழுவுக்கு அனுப்பிவிட்டேன்.

பொறாமை போகவில்லை. உன் பெயரைப் பேப்பரில் பார்த்தால் இன்னும் எரியும். கொஞ்ச நாளைக்கு என்னோடு கதைக்காதே.

நீ என்னைச் சந்தேகப்பட்டு ஒரு வார்த்தை ஏசியிருந்தால், நான் திரும்ப ஓட்டியிருக்கவே மாட்டேன்.

சிசிலியா