பெட்டியில் அடங்காத பெயர்

மேடிசன்
அக்டோபர் 8

அன்புள்ள வில்லா,

உன் அட்டை சனிக்கிழமை வந்தது. நான் நலம் என்று தொடங்குவதுதான் வழக்கம். எழுதிவிட்டேன். அது எவ்வளவு உண்மை என்று இந்தக் கடிதத்தை முடித்தபின் நீயே சொல்.

அப்பா இடது கையால் கரண்டி பிடிக்கிறார் என்று எழுதியிருந்தாய். அந்த வரியை மூன்று முறை படித்தேன். எஸ்கனாபாவில் அதற்குள் பனி விழுந்துவிட்டது என்பதையும், முதியோர் இல்லத்தில் உனக்கு இரட்டை ஷிப்ட் போடுகிறார்கள் என்பதையும் படித்தேன். அட்டையின் ஓரத்தில் நீ வரைந்திருந்த மீனையும் பார்த்தேன். வால் இல்லாத மீன். பக்கத்தில் "முதல் நாள்" என்று எழுதியிருந்தாய். சிரித்தேன். பிறகு அட்டையைத் திருப்பினேன்.

பின்பக்கத்தில்தான் அந்தச் செய்தி. இருபத்து மூன்றாம் தேதி உனக்கு நேர்காணல். நான் போன மாதம் போய்வந்த அதே மருத்துவக் கல்லூரி. நேர்காணல் செய்பவர் டாக்டர் ப்ரூயிட்.

"போஸ்டரைப் பத்திக் கேட்டா நாலாம் நாள் பால் கதையைச் சொல்லப் போறேன்டி. நீயும் அதை எழுதியிருப்பேல்ல? ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் எழுதியிருப்போம், பயமில்ல. மாநாட்டுல எனக்காக நீ நின்னதை நான் மறக்கவே மாட்டேன்."

இவை உன் வரிகள். பார்க்காமலே எழுதுகிறேன். மனப்பாடமாகிவிட்டன.

வில்லா, நாம் ஒன்றாக எழுதவில்லை.

இதைக் கணினியில் எழுதினால் அழித்து அழித்துத் திருத்துவேன். என் நோயே அதுதான். அதனால் பேனா. அடித்தது அடித்தபடியே இருக்கட்டும்.

ஜூன் மாதம். ஏரிக்கரை நூலகத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். ஆய்வுகள், போஸ்டர்கள், வெளியீடுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டி, பெட்டிக்கு எழுநூறு எழுத்து. வார்த்தைக்கு வார்த்தை விடும் இடைவெளியும் அதில் சேரும். உனக்கும் தெரியும், நீயும் அந்தப் பெட்டியோடு மல்லுக்கட்டியிருப்பாய். நான் எழுதியது எழுநூற்றுப் பதினொன்று. பதினொன்றைக் குறைக்க வேண்டும்.

வில்ஹெல்மினா ஊஸ்டர்ஹவுட். ஆங்கிலத்தில், இடைவெளியோடு இருபத்தொன்று.

உன் பெயரை எடுத்தேன். "மற்றும் குழுவினர்" என்று அங்கே ஏற்கெனவே இருந்தது. நீ அதற்குள் போனாய். எடுத்ததும் என் பெயர் வரிசையில் முதலில் வந்து நின்றது. நான் அதை நகர்த்தவில்லை. முன்னால் இருந்தவள் போனதால் தானாக முதலாயிற்று. அன்று எனக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கொண்டேன்.

ஆனால் இன்னும் பத்து எழுத்துக்கு இடம் மீதி இருந்தது. "இணை ஆசிரியர்" என்று இருந்ததை "முதல் ஆசிரியர்" என்று மாற்றினேன். மூன்று எழுத்துதான் கூடியது. இது தானாக நடக்கவில்லை. இதைச் செய்தது என் விரல்.

அதே பெட்டியில் "ஆழ்ந்த ஈடுபாட்டுடன்" என்றும் எழுதியிருந்தேன். அதை எடுத்திருந்தாலே போதும். அப்போது அது தோன்றவேயில்லை.

கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் வரும். மேலே உள்ளவை அனைத்தும் உண்மை என்று உறுதி கூறுகிறேன். கட்டத்தில் குறியிட்டேன். அனுப்பினேன். அதன்பின் திருத்த முடியாது. கீழே போய்ப் பாலாடைக்கட்டி வறுவல் வாங்கி, ஏரியைப் பார்த்தபடி முழுத் தட்டையும் தின்றேன். நன்றாகப் பசித்தது. அதையும் சொல்ல வேண்டும்.

முந்நூற்றுப் பதினாறு மீன்கள். ஒவ்வொன்றின் வாலையும் நீ வெட்டினாய். சர்க்கரைத் தண்ணீரில் பாதி, நல்ல தண்ணீரில் பாதி. பதினான்கு நாள், நாளுக்கு இருமுறை, கண்ணாடித் தட்டில் கிடத்தி வால் எவ்வளவு வளர்ந்தது என்று நீ அளந்தாய். நான் வரைபடத்துக்கு நிறம் தேர்ந்தெடுத்தேன். பிப்ரவரியில் உன் அப்பா பக்கவாதத்தில் சாய்ந்தார், நீ பெட்டி கட்டினாய். ஏப்ரல் மாநாட்டில் நான் நல்ல சட்டை போட்டு, நம் ஆய்வை அச்சிட்ட அந்த நாலடிப் போஸ்டர் பக்கத்தில் நின்றேன். வந்தவர்கள் என்னைப் பாராட்டினார்கள். நான்கு மணி நேரம். ஒருவேளை அங்கேதான் தொடங்கியதோ என்னவோ. பாராட்டுக்குப் பக்கத்தில் அதிக நேரம் நின்றுவிட்டேன்.

இதுவரை சொன்னது சின்னத் தப்பு.

என் நேர்காணலன்று டாக்டர் ப்ரூயிட் மேசையில் அந்த மாநாட்டுப் புத்தகம் இருந்தது. வேறு யாரும் அதைத் தேடிப் பிடித்திருக்க மாட்டார்கள். அந்த அம்மாள் பிடித்திருந்தார். காதில் பென்சில். நம் பக்கத்தின் மூலையை மடித்து வைத்திருந்தார்.

"இதுல ஊஸ்டர்ஹவுட்னு ஒரு பொண்ணு பேரு முதல்ல இருக்கே. உன் படிவத்துல நீ முதல்ல. எதும்மா சரி?"

எத்தனையோ பதில்கள் இருந்தன. பெட்டி சின்னது என்று சொல்லியிருக்கலாம். அவர் சிரித்திருப்பார். நான் சொன்னது:

"அது அச்சுப் பிழை மேடம். அவ அளவு மட்டும்தான் எடுத்தா. பாதியிலயே போயிட்டா."

பாதியிலேயே போய்விட்டாள். நீ ஏன் போனாய் என்று எனக்குத் தெரியும். தெரிந்தே சொன்னேன்.

அவர் காதிலிருந்து பென்சிலை எடுத்து, உன் பெயருக்குப் பக்கத்தில் ஏதோ குறித்தார். எனக்குத் தலைகீழாகத்தான் தெரிந்தது. கேள்விக்குறி போலிருந்தது. பிறகு கேட்டார், "சரி, வால் திரும்ப வளரப்போகுதுன்னு முதல்ல எப்போ தெரிஞ்சுது?"

"நாலாம் நாள். ஓரத்துல பால் படிஞ்ச மாதிரி ஒரு வெள்ளை. அது வந்தா வளரும். வரலைன்னா வளராது."

அவர் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். "இது புத்தகத்துல இல்ல. கண்ணால பாத்தவங்க மட்டும்தான் இப்படிச் சொல்ல முடியும். நல்லாச் சொன்னேம்மா."

உன் குறிப்பேட்டில் நவம்பர் மாதப் பக்கம் அது. ஓரத்தில் காப்பிக் கறை. நான் ஒரு நாளும் அந்த வெள்ளையைப் பார்த்ததில்லை, வில்லா. நீ எழுதியதைப் படித்திருக்கிறேன், அவ்வளவுதான்.

இருபத்து மூன்றாம் தேதி அதே நாற்காலியில் நீ உட்காருவாய். உன் பெயருக்குப் பக்கத்தில் பென்சில் குறி இருக்கும். நீ பாலைப் பற்றிச் சொல்வாய். அவருக்கு அது ஏற்கெனவே கேட்ட கதை. அளவு மட்டும் எடுத்தவள், அச்சுப் பிழையால் முதலில் வந்தவள், தோழியின் வாக்கியத்தைத் திருடிக்கொண்டு வந்திருக்கிறாள் என்று நினைப்பார். அவர் மரியாதையாகத் தலையாட்டுவார். உனக்குக் காரணம் கடைசிவரை தெரியாது.

கை வலிக்கிறது. நாளை தொடர்கிறேன்.

அக்டோபர் 9

இன்று நம் ஆய்வகத்துக்கு, டாக்டர் ஹோல்கமிடம் போனேன். மீன் அறையில் இருந்தார். தொட்டி கழுவும் நாள். முழங்கை வரை ஈரம். சொல்ல வேண்டும் என்றேன். "சொல்லு, ஆனா முதல்ல வலையைப் பிடி" என்றார். வலையைப் பிடித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் ஒரு மீன் துள்ளித் தரையில் விழுந்தது. இருவரும் குனிந்து தேடினோம். தரையில் முழங்காலிட்டபடியேதான் அச்சுப் பிழை வரை வந்து முடித்தேன்.

மீன் கிடைத்தது. அவர் எழுந்திருக்கவில்லை.

"மீனைக் கையில பிடிச்சவங்க பேருதான் முதல்ல. இந்த ரூம்ல இருக்கறதே அந்த ஒரு சட்டம்தான். கதவுலயே ஒட்டியிருக்கேன். படிச்சதில்லயா நீ?"

படித்திருக்கிறேன் என்றேன்.

"உனக்கு நான் குடுத்த சிபாரிசுக் கடிதத்துல நேர்மையானவள்னு எழுதியிருக்கேன். ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை. இப்போ நானும் பொய் சொன்னவன் ஆயிட்டேன். ரொம்பத் தேங்க்ஸ்."

என்ன செய்யட்டும் என்று கேட்டேன். "என்கிட்ட ஏன் கேக்கறே, நான் என்ன பாதிரியாரா? சொன்னா உன் சீட்டு போகலாம். அந்த ஒரு காலேஜோட நிக்காம எல்லா இடத்துலயும் போகலாம். அதையும் தெரிஞ்சுக்கோ. வலையை அங்க மாட்டிட்டுப் போ."

மாட்டிவிட்டு வந்தேன்.

மத்தியானம் கல்லூரிக்கு ஒரு கடிதம் எழுதினேன். உறையில் போட்டேன். ஒட்டவில்லை. அதையும் இந்தக் கடிதத்தோடு உனக்கே அனுப்பிவிடலாம் என்று நினைத்தேன். நீ படித்துப் பார், நீ விரும்பினால் நீயே தபாலில் போடு, வேண்டாமென்றால் கிழித்துவிடு. எவ்வளவு பெரிய மனசு என்று என்னையே மெச்சிக்கொண்டேன். தபால்தலைகூட ஒட்டிவிட்டேன்.

அந்த உறை இப்போதும் மேசையில்தான் இருக்கிறது.

அக்டோபர் 11

அந்த யோசனை அழகாகத் தெரிந்தது. அதனாலேயே சந்தேகம் வந்தது. நீ எப்படிப்பட்டவள் என்று எனக்குத் தெரியும். "போடி பைத்தியம், என் ஒரு நேர்காணலுக்காக உன் சீட்டையே கெடுப்பேனா" என்று கிழித்துப்போடுவாய். எனக்கு அது தெரிந்துதான் அந்த யோசனையே வந்தது. மறுபடி உன்னையே மீனைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, மறுபடி நான் பக்கத்தில் நல்ல சட்டையோடு நின்றிருப்பேன்.

அதனால் நேற்றுக் காலை பத்து மணிக்கு நானே அனுப்பிவிட்டேன். சேர்க்கை அலுவலகத்துக்கு ஒன்று, டாக்டர் ப்ரூயிட்டுக்கு ஒன்று. கடிதத்தை நம்பிக் காத்திருக்கவில்லை, கணினி வழியாகவும் அனுப்பினேன். அவர்களுடைய பக்கத்திலும் ஒரு பெட்டிதான். ஐந்நூறு எழுத்து. நான் எழுதியது இவ்வளவுதான்:

"மாநாட்டுப் புத்தகத்தில் உள்ள பெயர் வரிசைதான் சரி. அச்சுப் பிழை எதுவும் இல்லை. விண்ணப்பத்தில் என்னை முதல் ஆசிரியர் என்று எழுதியது பொய். நேர்காணலில் அதை நியாயப்படுத்தச் சொன்னதும் பொய். ஆய்வைச் செய்தவர் வில்ஹெல்மினா ஊஸ்டர்ஹவுட். நாலாம் நாளைப் பற்றி நான் சொன்னது அவர் கண்டது, அவர் எழுதியது. தந்தையின் உடல்நலம் காரணமாகவே அவர் ஆய்வகத்தை விட்டுப் போனார்."

உன் பெயருக்குப் பிறகும் நிறைய இடம் மிச்சம் இருந்தது. அதில் எதையும் நிரப்பவில்லை. வருத்தம் என்றோ மன்னிப்பு என்றோகூட எழுதவில்லை. எழுதினால் அது என்னைப் பற்றிய பெட்டியாக ஆகியிருக்கும்.

மாலை ஒரு வரி பதில் வந்தது. உங்கள் செய்தி உரியவர்களிடம் சேர்க்கப்பட்டது. டாக்டர் ப்ரூயிட்டிடமிருந்து தனியாக இரண்டு வரி. முதல் வரி: "படித்தேன்." இரண்டாவது: "அந்தப் பெண்ணைச் சந்திக்கக் காத்திருக்கிறேன்."

என்னைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. நீயும் கேட்காதே. மற்றக் கல்லூரிகளுக்கும் இதையே எழுதிக்கொண்டிருக்கிறேன். பதினேழு இடம். இன்றோடு பதினொன்று முடிந்தது. ஒவ்வொன்றிலும் உன் பெயர் முழுதாக.

என்னை மன்னித்துவிட்டேன் என்று உடனே எழுதிவிடாதே. உனக்கு அது எளிது. நாலு நாள் போகட்டும். ஓரத்தில் ஏதாவது படிகிறதா என்று பார். படியாவிட்டால் படியாததுதான்.

போஸ்டரை உருளையில் சுருட்டி இதோடு அனுப்புகிறேன். ஏப்ரலிலிருந்து என் அறைச் சுவரில் இருந்தது. மேல் வரிசை மட்டும் வெளிறாமல் இருப்பதைப் பார்ப்பாய். அங்கே ஒரு நாட்காட்டியை மாட்டியிருந்தேன். எதை மறைக்க என்று சொல்ல வேண்டியதில்லை.

இருபத்து மூன்றாம் தேதி நல்ல காலுறை போட்டுக்கொள். அந்த அறை குளிரும். அப்பாவுக்கு யாரை வைத்துவிட்டு வருகிறாய்? யாரும் இல்லையென்றால் சொல். நான் வந்து இருக்கிறேன். அவருக்கு என் முகம் நினைவிருக்காது. அதுவும் நல்லதுதான்.

பாலைப் பற்றிச் சொல், வில்லா. அவர் முதல்முறையாகக் கேட்பதுபோலச் சொல். நல்லபடியாகப் போய்வா.

மாரிட்

பி.கு: உறைமேல் உன் பெயரை எழுதியபோது தபால்தலைக்கு ஒட்டி வந்துவிட்டது. தபால்தலையைத்தான் நகர்த்தினேன்.