கல்லாத்துக்கொல்லை மீண்டும் பீடி பிடிக்க வேண்டும் என்னும் உத்தரவு பற்றி

அனுப்புநர்:
சி. லட்சுமணன்,
தமிழாசிரியர், நடுநிலைப் பள்ளி,
நெல்லிவாசல்நாடு, ஜவ்வாது மலை,
வட ஆற்காடு மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு உதவி இயக்குநர் அவர்கள்,
புற்றுநோய்த் தடுப்பு ஆராய்ச்சி நல்கைப் பிரிவு,
சென்னை.

பொருள்: புகையிலைப் பழக்க ஆய்வு – கல்லாத்துக்கொல்லை ஊரார் புகையிலையை விட்டுவிட்டது – அதன் காரணமாக நிறுத்திவைக்கப்பட்ட இரண்டாம் ஆண்டு நல்கையை விடுவிக்கக் கோருதல்.

பார்வை: தங்கள் அலுவலகக் கடிதம், நாள் 6-8-1984.

மதிப்பிற்குரிய ஐயா,

பள்ளி நேரம் போக மேற்படி ஆய்வில் மொழிபெயர்ப்பாளனாக இருக்கும் நான், என் மொழிபெயர்ப்பால் நேர்ந்ததையும் தங்கள் கடிதத்தால் நேர்ந்ததையும் தங்கள் முன் வைக்கிறேன். வெட்கத்தோடுதான் வைக்கிறேன். அந்த வெட்கத்தில் என் பங்கு எவ்வளவு என்பதைத் தாங்களே பிரித்துக்கொள்ளலாம்.

1. சென்ற ஆண்டு தங்கள் பிரிவின் நல்கைப் பணத்தைக் கொண்டு இம்மலையில் இரண்டு ஊர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. புங்கம்பாறையில் புகையிலையின் தீமைகளை எடுத்துச் சொல்வது, கல்லாத்துக்கொல்லையில் ஒன்றும் சொல்லாமல் இருப்பது, பிறகு இரண்டையும் ஒப்பிட்டு, எடுத்துச் சொன்னதால் பயன் உண்டா என்று அறிவது என்பது ஏற்பாடு. இதில் குறை காணும் அளவுக்கு எனக்கு அறிவியல் தெரியாது.

2. ஒன்றும் சொல்லப்படாத ஊருக்கு ஆங்கிலத்தில் 'கண்ட்ரோல்' கிராமம் என்று பெயராம். அதைத் தமிழில் எழுதித் தரும்படி கேட்டார்கள். அகராதியைப் பார்த்து 'கட்டுப்பாட்டு ஊர்' என்று எழுதிக் கொடுத்தேன். அப்படியே பலகை எழுதி ஊர் முகப்பில் நட்டார்கள்.

3. இம்மலையில் கட்டுப்பாடு என்பது ஊர் கூடிப் போடுவது. மீறியவர் ஊருக்குத் தண்டம் கட்ட வேண்டும். பலகையைப் படித்துக் காட்டச் சொன்ன ஊர்க்கவுண்டர் சடையன், எதற்குக் கட்டுப்பாடு என்று கேட்டார். புகையிலை பற்றிய ஆய்வு என்றேன். அதற்குமேல் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. அவருக்கு அதற்குமேல் தேவைப்படவும் இல்லை. மறுவாரமே ஊர் கூடியது. பீடி, சுருட்டு, வாயில் அடக்கும் புகையிலை எதுவும் கூடாது, மீறினால் ஒரு சேவல் என்று முடிவாயிற்று. முதல் சேவலைக் கொடுத்தவர் சடையன்தான். சாமைக் கொல்லையில் அவர் மறதியாகப் பற்றவைத்ததை ஊருக்குச் சொன்னவர் அவருடைய மனைவி.

4. புங்கம்பாறையில் படம் காட்டினோம், கூட்டம் நடத்தினோம். அவ்வூரார் இன்று புகையிலையின் தீமைகளை என்னைவிடத் தெளிவாகச் சொல்கிறார்கள். சொல்லி முடித்துவிட்டு நெருப்பு கேட்கிறார்கள்.

5. மே மாதம் கணக்கெடுக்க வந்த ஆய்வு அலுவலர், கல்லாத்துக்கொல்லையில் ஒரு பீடித் துண்டும் இல்லாதது கண்டு, மறைக்கிறார்கள் என்று எண்ணிக் கூரை இடுக்குகளில் கைவிட்டுத் தேடினார். பிறகு, எல்லாம் கெட்டுப்போயிற்று என்றார். என்ன கெட்டுப்போயிற்று என்று ஊரார் என்னைக் கேட்டார்கள். ஆய்வு என்றேன். மிகவும் வருத்தப்பட்டார்கள்.

6. அதன்பின் வந்தது தங்கள் கடிதம். 'கட்டுப்பாட்டு ஊரை ஆய்வுக்கு முந்தைய நிலைக்குக் கொண்டுவந்து அறிக்கை அனுப்பும்வரை நல்கை நிறுத்திவைக்கப்படுகிறது' என்கிறது அது. நல்கையோடு ஆய்வுக்கான ஜீப்பும் நின்றுவிட்டது.

7. அந்த ஜீப் பற்றித் தாங்கள் அறிய வேண்டும். முதல் பரிசோதனையின்போது கல்லாத்துக்கொல்லை மாதம்மாள் என்பவரின் கன்னத்து உட்புறத்தில் புண் இருந்தது. அந்த ஜீப்பில் வேலூருக்குக் கொண்டுபோனதில் புற்று என்று உறுதியாயிற்று. கரண்டு வைத்து, அதாவது கதிர்வீச்சு கொடுத்து முடித்து, வரும் செப்டம்பர் மூன்றாம் தேதி அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். சிகிச்சைச் செலவு நல்கையைச் சேர்ந்தது. சாமைக் கஞ்சியையே துளித்துளியாக விழுங்குகிறவர் மலையிறங்கி நடக்க முடியாது.

8. தங்கள் கடிதத்தை ஊராருக்குப் படித்துச் சொல்வது என் வேலை. சென்ற வெள்ளிக்கிழமை சொன்னேன். மொழிபெயர்க்க முடியாத சொல் எதுவும் அதில் இல்லை; அதுவே சிரமமாக இருந்தது. சடையன் முழுவதும் கேட்டுவிட்டு, "அப்போ நாங்க புடிச்சாத்தான் மாதம்மாளுக்கு ஜீப்பு வரும். அதானே சார்?" என்றார். பொருள் அதுதான் என்றேன். யாரும் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். எத்தனை பேர் பிடித்தால் மெட்ராஸுக்குப் போதும் என்று தங்களுக்குள் பேசினார்கள். பிறகு சடையன் சொன்னார்: "கெழவனுங்க நாங்க புடிக்கறோம், எழுதிக்கோங்க. வயசுப் பசங்கள மட்டும் கேக்காதீங்க."

கிழவர்கள் வரிசையாக வந்து பெயர் கொடுத்தார்கள், அம்மைப் பால் வைத்துக்கொள்ள வந்தவர்களைப் போல. நான் குனிந்துகொண்டு எழுதினேன். அவர்கள் முகத்தைப் பார்க்காமலிருக்க அது வசதியாக இருந்தது. அந்தப் பெயர்களை இத்துடன் இணைக்கவில்லை.

9. மாதம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு ஒதுங்கி உட்கார்ந்திருந்தார். அவர் பேசுவது இப்போது தெளிவாக இராது. எனக்கு முதலில் விளங்காததால் இரண்டாம் முறையும் சொன்னார்: "எனக்காவ எவனும் பத்த வெக்க வாணாம். பத்த வெச்சா நா ஜீப்புல ஏற மாட்டேன்."

ஆக, ஊரார் பிடிக்காவிட்டால் ஜீப் வராது. பிடித்தால் ஜீப் வரும், மாதம்மாள் ஏறமாட்டார். இந்த முடிச்சு மலையில் போடப்பட்டதன்று. அவிழ்க்கும் அதிகாரமும் மலையில் இல்லை.

10. ஆகவே கல்லாத்துக்கொல்லையை இப்போதுள்ள நிலையிலேயே விட்டு, நல்கையை விடுவிக்குமாறு வேண்டுகிறேன். ஓர் ஊர் புகையிலையை விட்டுவிட்டதைத் தோல்வி என்று மட்டுமே குறிக்க ஆய்வு விதிகள் இடம் தருமாயின், தோல்வி என்றே குறித்துக்கொண்டு, மாதம்மாளின் சிகிச்சைச் செலவையும் ஜீப்பையுமாவது விடுவிக்க வேண்டும். பிழை சொல்லில்தான் இருந்தது. 'ஒப்பீட்டு ஊர்' என்று நான் எழுதியிருந்தால் அவர்கள் இந்நேரம் விதிப்படி புகைத்துக்கொண்டிருப்பார்கள். அதற்கு என்னை ஆய்விலிருந்து நீக்கினால் மறுப்பின்றி ஏற்பேன்.

தங்கள் பதில் வரும்வரை யாரும் பற்றவைக்க வேண்டாம் என்று ஊராரைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சரி என்றார்கள். ஆனால் சடையன் நேற்றுத் தனியாக என் வீட்டுக்கு வந்து, மாதம்மாளுக்குத் தெரியாமல் கொல்லைப் பக்கம் போய்ப் பிடித்தால் கணக்கில் சேருமா என்று கேட்டார். மூன்றாம் தேதிக்குள் தங்கள் உத்தரவு வராவிட்டால், சேராது என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வராது.

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்) சி. லட்சுமணன்

இடம்: நெல்லிவாசல்நாடு
நாள்: 20-8-1984