அம்மா என்று எழுதியிருந்த ஃபோல்டர்

கோலியர்ஸ் வுட், லண்டன்
ஐப்பசி, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகன் நிசாந்தனுக்கு,

அம்மாவின் குரலை நீ குப்பை என்று நினைத்து விட்டுவிட்டுப் போனாய். சுகம் கேட்க முதல் அதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் பேனையை எடுத்தேன். இனிச் சுகம் கேட்கிறேன். நீயும் மருமகள் ஜதுர்ஷிகாவும் மெல்பேர்னில் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும், அங்கே இப்போது வெயில் ஏறத் தொடங்கியிருக்கும், இங்கே நாங்கள் இரண்டு பேரும் ஹீற்றரைப் போட்டுக்கொண்டு இருக்கிறோம். அம்மாவின் பிரஷர் மட்டாக இருக்கிறது, வலது கை முன்னைப் போலத்தான், இடது கையால் கரண்டி பிடித்துச் சாப்பிடுகிறார். என் முழங்காலைப் பற்றி நீ கேட்க மாட்டாய், நானும் எழுதவில்லை. ஃபோனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று யோசிப்பாய். ஃபோனில் நான் ஒன்றைச் சொல்லி முடிக்க முதல் நீ ஓம் அப்பா, ஓம் அப்பா என்று நாலு தரம் சொல்லிவிடுகிறாய். கடிதத்துக்கு அப்படிச் சொல்ல ஏலாது. லப்டொப்பும் இல்லை, ஆகவே கையால் எழுதுகிறேன், எழுத்து விளங்காவிட்டால் விளங்கும் வரை பார்.

ஆடி மாதம் லப்டொப் உள்ளே இருந்து டிக் டிக் என்று சத்தம் போடத் தொடங்கியதும் உனக்குத்தான் சொன்னேன். நீ ஒரு சனிக்கிழமை அங்கே இருந்தபடியே அதற்குள் புகுந்து வேலை செய்தாய். நான் மேசைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன், அம்புக்குறி தன்பாட்டுக்கு ஓடித் திரிந்தது. வீட்டுப் பத்திரம், பென்ஷன் கடிதங்கள், உன் கல்யாணப் படங்கள் எல்லாவற்றையும் கொப்பி பண்ணினாய். பிறகு ஓரிடத்தில் அம்புக்குறி நின்றது. அப்பா, இந்த ஃபோல்டருகளின்ர பேரெல்லாம் உடைஞ்சுபோய்க் கிடக்கு, டிஸ்க் பழுதானதாலதான், இதுகளைத் தொட்டா மிச்சமும் நிண்டுபோகும், விடுவம் என்றாய். அது உடையேல்லை, அது அம்மான்ர என்று நான் சொன்னேன். நீ ஓகே ஓகே என்றாய். அதே நேரம் உன் அலுவலகத்து ஆள் ஒருவரோடு இங்கிலீஷில் கதைத்துக்கொண்டிருந்தாய். அந்த ஓகே எனக்குச் சொன்னதா அவருக்குச் சொன்னதா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அடுத்த கிழமை லப்டொப் திறக்கவில்லை. உனக்கு ஃபோன் அடித்தேன். முக்கியமானது எல்லாம் எடுத்திட்டன் அப்பா, இனி அதைக் கவுன்சில் ரீசைக்கிளிங்கில கொண்டுபோய்ப் போடுங்கோ என்றாய்.

அந்தப் பெயர் உடையவில்லை. எம், கே, ஒரு செமிகோலன், கே, எச். இங்கிலீஷ் என்று பார்த்தால் அது ஒன்றுமில்லைத்தான். பாமினி ஃபொன்ட் எழுத்தில் தமிழ் அடிக்கிறவன் பார்த்தால் அது அம்மா. எம் தட்டினால் அ, கே தட்டினால் ம, செமிகோலன் அதற்கு மேலே வைக்கிற குற்று, எச் தட்டினால் பக்கத்தில் விழுகிற கால், அரவு. எனக்கு இதை ஆரும் படிப்பிக்கவில்லை. நீ ஏ லெவல் படித்த காலத்தில் கீபோர்ட்டில் வெள்ளைத் துண்டு ஒட்டி, எழுத்துகளைப் பேனையால் எழுதி, ஷிப்ட் முடிந்து வந்து நானே பழகினேன். இந்தப் பக்கத்துச் சனத்தின் கோயில் நோட்டீசும் செத்தவீட்டில் கொடுக்கிற கல்வெட்டுப் புத்தகமும் பாதிக்கு மேல் நான் அடித்தவைதான். ஃபோல்டருக்குப் பெயர் வைக்கிற இடத்தில் பாமினி எடுபடாது, இங்கிலீஷ் எழுத்துத்தான் தெரியும். அதனால் என்ன, என் கண்ணுக்கு அது தமிழாகத்தான் தெரிகிறது. பாமினி பழசு, யுனிகோட்டுக்கு மாறுங்கோ என்று நீ எத்தனையோ வருடமாகச் சொல்கிறாய். மாறமாட்டேன். பேக்கப் எடுக்கவில்லையா என்றும் கேட்காதே, அந்தக் கேள்வியைக் கேட்கிற இடத்தில் நீ இல்லை.

உள்ளே என்ன இருந்தது என்று நீ கேட்கவில்லை, ஆகவே எழுதுகிறேன். அம்மா சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புக்குப் படிப்பித்தபோது தானே கட்டிய பாட்டுகள். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு வீட்டில் ஒன்றைத் தமிழில் கேட்க வாய் வராது என்று, தண்ணி கேட்க ஒரு பாட்டு, பசிக்குது என்று சொல்ல ஒரு பாட்டு, போதும் என்று சொல்ல ஒரு பாட்டு, இப்படிக் கட்டினார். சாப்பாட்டு மேசையில் மைக்கை வைத்து, இரைகிற ஃபிரிஜ்ஜை நிற்பாட்டிவிட்டு, நான்தான் பதிந்தேன். அம்மா ஒரு வரி பாடுவார், பிறகு அந்த வரியின் நீளத்துக்கு வாயை மூடிக்கொண்டு இருப்பார், வீட்டில் கேட்கிற பிள்ளை திருப்பிப் பாடுவதற்கு. பாட்டில் பாதி வெறும் இடம். அதை வெட்டிச் சுருக்கினால் என்ன என்று நான் கேட்டேன். அது பிள்ளையின்ர இடம், அதில கை வையாதேங்கோ என்றார். நான் கை வைக்கவில்லை.

போன வருடம் பொங்கலுக்குப் பிறகு அம்மாவுக்கு ஸ்ட்ரோக் வந்தபோது நீ வந்து நின்றாய், இல்லை என்று சொல்லவில்லை. நீ நின்ற நாட்களில் அம்மாவின் வாயிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. நீ போன பிறகும், எல்லாம் விளங்கும், ஆனால் வாயைத் திறந்தால் அது, அது என்பதைத் தவிர வேறொன்றும் வராது. தேத்தண்ணீரும் அது, தலையிடியும் அது. ஒரு நாள் பின்னேரம் நான் லப்டொப்பில் வேறு எதையோ தேடப்போய் தண்ணிப் பாட்டுத் தட்டுப்பட்டது, போட்டேன். தண்ணி தாங்கோ, தாகமாயிருக்கு என்று அம்மாவின் பழைய குரல் பாடிவிட்டு நின்றது. அந்த வெறும் இடத்துக்குள் கதிரையில் இருந்த அம்மா தண்ணி தாங்கோ என்று பாடினார். நான் எழும்பிப் போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன், குடித்தார். கல்யாணம் முடித்த நாளிலிருந்து என்னிடம் தாங்கோ என்று கேட்டது அன்றைக்குத்தான், முந்தியெல்லாம் கண்ணால் காட்டுவதோடு சரி. பேச்சுப் பயிற்சி கொடுக்க வருகிற வெள்ளைக்காரப் பிள்ளை இதைப் பார்த்துவிட்டு, கதைப்பதும் பாடுவதும் மூளையில் ஒரே பாதையால் வருவதில்லை, ஒரு நாளும் விடாமல் செய்யுங்கள் என்றாள். இதை உனக்குச் சொன்னபோது நல்ல முன்னேற்றம் அப்பா என்றாய், வங்கிக் கணக்கைப் பற்றிச் சொன்னால் சொல்வதைப் போல.

எல்லாவற்றிலும் அம்மாவுக்கு வேண்டியது வாங்கோ பாட்டு. அது உன்னால் வந்த பாட்டு. வீட்டுக்கு ஆரும் வந்தால் நீ வாங்கோ என்று ஒரு சொல் சொல்லாமல் மேல்மாடிக்கு ஓடிவிடுவாய், வந்த சனம் தில்லையம்பலத்தாரின்ர பெடியன் வாய் இல்லாததோ என்று கேட்கும், அம்மாவுக்கு முகம் சிவந்துபோகும். மற்றப் பாட்டுகளில் பிள்ளை அதே வரியைத் திருப்பிப் பாட வேண்டும். இதில் மட்டும் அம்மா, கதவடியில ஆர், ஆர் வந்திருக்கினம் என்று கேட்பார், பிள்ளை, வாங்கோ வாங்கோ, உள்ளுக்கு வாங்கோ என்று மறுமொழி பாட வேண்டும். வீட்டில் அம்மா உன்னை முன்னால் நிறுத்தி, கேள்வியையும் மறுமொழியையும் மாற்றி மாற்றிப் பாடப் பழக்கினார். ஸ்ட்ரோக்குக்குப் பிறகு சனம் பார்க்க வரும்போது அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு இருப்பார், வந்தவரை வாங்கோ என்று சொல்ல ஏலாமல் எப்படி முகம் பார்ப்பது என்று. அது விளங்காமல் சிவனேஸ்வரிக்கு இப்ப ஆக்களைப் பிடிக்கிறேல்லை என்று கதை கட்டி, வருகிறவர்களும் குறைந்துபோனார்கள். சித்திரை மாதம் கோபாலகிருஷ்ணன் அண்ணை வந்தபோது நான் லப்டொப்பை முன்னறையில் வைத்து அந்தப் பாட்டைப் போட்டேன். அம்மா அவர் முகத்தைப் பார்த்து, வாங்கோ வாங்கோ என்று முழுதும் பாடினார். அண்ணை கழற்றிய சப்பாத்தைக் கையில் வைத்தபடி நின்றார், அதை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. இதைத்தான் நீ முக்கியமில்லை என்று விட்டாய்.

லப்டொப் நின்ற பிறகு சொற்கள் ஒவ்வொன்றாகப் போயின. முதலில் போதும் போனது, பிறகு தண்ணி. நான் பாடிப் பார்த்தேன். எனக்குப் பாட்டு வராது என்பது உனக்குத் தெரியும், நிறுத்த வேண்டிய இடத்தில் நிற்கவும் வராது, அம்மா இடது கையைத் தூக்கிக் காட்டிவிட்டார், போதும் என்பதற்கு அதுவே போதும். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிப் பொலித்தீனில் சுற்றி ஃபிரீசரில் வைத்தால் உயிர் வரும் என்று கோபாலகிருஷ்ணன் அண்ணை சொன்னார், வைத்தேன். அதற்குப் பிறகுதான் டூட்டிங்கில் ஃபோன் கடை வைத்திருக்கிற சுபாஸ்கரனிடம் கொண்டுபோனேன், டென்மார்க்கில் இருந்து வந்த பெடியன். ஐயா, இது என்ன அறக்குளா மீன் துண்டோ ஐஸில வைச்செடுக்க என்று சிரித்தான். உள்ளே ஒரு தட்டுச் சுழல்கிறதாம், அதை வாசிக்கிற முனை தட்டில் உரசத் தொடங்கிவிட்டதாம், ஒவ்வொரு தரம் போடும்போதும் உரசல் கூடுமாம், எத்தனை தரம் போட்டுப் பார்த்தனீங்கள் என்று கேட்டான். அது அவனுக்குத் தேவையில்லாத கதை. இது என்ர கையால ஏலாது, திறந்து முனையை மாத்திற இடத்துக்கு அனுப்புவம், ஆனா கொஞ்ச நேரம்தான் ஓடும், எதை முதலில எடுக்க வேணும் எண்டு சொல்லிவிடுங்கோ என்றான். நான் ஒரு பெயர்தான் எழுதிக் கொடுத்தேன்.

நாலு நாள் கழித்து அந்த இடத்திலிருந்து ஒரு பிள்ளை ஃபோன் எடுத்தாள். நீங்கள் தந்த பெயர் பிழையாய் விழுந்துவிட்டது போலிருக்கிறது, சரியான பெயர் என்ன என்று கேட்டாள். நீ கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அதுதான் சரியான பெயர் என்றேன். ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொன்னாள். எம் என்றேன். எம் ஃபோர் மதர் தானே என்று கேட்டாள். ஓம், மதர் என்றேன். மிச்ச எழுத்துகளைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது, அவள் பொறுமையாக நின்றாள்.

போன வியாழக்கிழமை சுபாஸ்கரன் மீண்டு வந்ததை ஒரு சின்ன டிரைவில் தந்தான், டீவியில் செருகிப் போடலாம். தண்ணிப் பாட்டு முழுதாக வந்திருக்கிறது. பசிப் பாட்டும் போதும் பாட்டும் நடுவில் கொஞ்சம் கரகரக்கின்றன, ஆனால் போதும். இப்போது அம்மா காலையும் பின்னேரமும் பாடுகிறார், தண்ணி திரும்பி வந்துவிட்டது. டி, எச், கியூ என்று தொடங்குகிற பெயரைத் திரையில் மேலிருந்து கீழே தேடினேன், அதுதான் வாங்கோ. பெயர் இருந்தது, திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை. தட்டில் அந்த இடம் உரசிப் போய்விட்டது, இனி ஒருத்தராலும் ஏலாது ஐயா என்று சுபாஸ்கரன் சொன்னான். நேற்று நீ வீடியோவில் வந்தபோது அம்மா உன் முகத்தைப் பார்த்து வாயைத் திறந்து திறந்து மூடியதைக் கண்டாய். லைன் சரியில்லை அப்பா, அம்மா கதைக்கிறது கேக்கேல்லை என்றாய். லைன் சரியாகத்தான் இருந்தது.

ஆகவே இனிச் செய்ய வேண்டியது இதுதான். வந்த பாட்டுகளை மூன்று இடத்தில் கொப்பி பண்ணி வைப்பது சுபாஸ்கரனின் வேலை, சொல்லிவிட்டேன். காலையும் பின்னேரமும் போட்டுவிடுவது என் வேலை, அதில் பிழை வராது. ஜதுர்ஷிகாவுக்கு வேலையில் லீவு கிடைக்காவிட்டால் அவவை வற்புறுத்திக் கூட்டிக்கொண்டு வர வேண்டாம், அவ பிறகு ஆறுதலாக வரலாம். வாங்கோ பாட்டு உன்னுடையது. அது இப்போது உன் தொண்டையில் மட்டும்தான் இருக்கிறது, அம்மா பிடித்த சுருதியில் பாடிப் பழகியவன் நீ ஒருவன்தான். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே ஃபோனில் பாடிப் பதிந்து அனுப்பு, கேள்வியை மட்டும் பாடு, மறுமொழிக்கு இடம் விடு, அந்த இடத்தை நீ நிரப்பாதே. அனுப்பியாயிற்று என்று அங்கேயே இருந்துவிடவும் வேண்டாம். டிசம்பரில் நத்தார் லீவுக்கு டிக்கெட் போடு, விலை கூட, லீவு இல்லை, அடுத்த வருடம் பார்ப்பம் என்று ஒன்றும் எழுதாதே, அம்மாவுக்கு நான் நீ வருகிறாய் என்று சொல்லிவிட்டேன். எயர்போர்ட்டுக்கு நான் வரமாட்டேன், அம்மாவைத் தனியே விட ஏலாது, நோர்தேர்ன் லைன் பிடித்து வா.

நீயும் மருமகளும் நல்ல சுகத்தோடும் ஒற்றுமையோடும் இருக்க வேண்டும் என்று விம்பிள்டன் பிள்ளையாரிடம் வெள்ளிக்கிழமை சொல்லிவிட்டுத்தான் வந்தேன், அம்மாவும் இடது கையை உன் படத்தில் வைத்து ஆசீர்வதிக்கிறார். ஒன்றை மறக்காதே. வீட்டுத் திறப்பு உன்னிடம் இருந்தாலும் நீயாகத் திறந்துகொண்டு வராதே. கதவை நான் திறந்து வைப்பேன், அம்மாவின் கதிரை நேரே வாசலைப் பார்த்து இருக்கும். நீ படியில் நின்று, கதவடியில ஆர், ஆர் வந்திருக்கினம் என்று பாடு. பாடிவிட்டுச் சும்மா நில். அம்மாவுக்கு நேரம் எடுக்கும். மழை பெய்தாலும் நில், அம்மா வாங்கோ என்று பாடின பிறகு உள்ளே வா.

உன் அப்பா,
தில்லையம்பலம்