உன் இடது காதின் சத்தம்

கோவில் திருநாளுக்கு வாசிக்க வரும்படி கேட்டிருந்தார்கள். அதனால் இன்று காலை என் பேஸ் கித்தாரின் அம்பை, அந்தச் சத்தம் பெருக்கும் பெட்டியை, வெளியே எடுத்தேன். மாரிக்காலம் முழுவதும் சாக்கால் மூடிக் கிடந்தது. பின்பக்க வலைக்குள் எலி பஞ்சு சேர்த்து வைத்திருந்தது. அதை இழுத்தெடுத்து, துடைத்து, சுவிச்சைப் போட்டேன். சிவப்பு விளக்கு எரிந்தது. உள்ளே வால்வுகள் சூடேற, கொஞ்ச நேரத்தில் அந்த மணம் வந்தது. தூசி கருகும் மணம்.

உன் தகரக் கொட்டிலில் இந்த மணம் வந்ததும் நீ கையைத் தேய்த்துக்கொண்டு, "அடுப்பு மூண்டிட்டுது மச்சான், இனி உலையை வைக்கலாம்" என்பாய். இன்று மணம் வந்தது, அடங்கியும் போயிற்று. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. நான் பேஸ் கித்தாரை மடியில் வைத்தபடி கதிரையில் இருந்துவிட்டேன். எழும்ப மனம் வரவில்லை. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

நாங்கள் முதலில் கண்டது பாப்பாமோட்டையில், உங்கள் கூரையில்லாத மாதா கோவிலுக்குள். சனங்கள் முகாம்களிலிருந்து திரும்பி வந்து காடு வெட்டிக்கொண்டிருந்த காலம். குடியேறிய பிறகு வரும் முதல் திருநாளுக்குப் பாட்டுக்காரர் வேண்டுமென்று பங்குச் சுவாமி ஆள் தேடினார். நான் அக்கரையில், இந்தியாவின் மண்டபம் அகதி முகாமிலிருந்து பேசாலைக்குத் திரும்பி, ஐஸ் கொம்பனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். இராமநாதபுரத்தில் கலியாண வீடுகளுக்கு வாசித்த பேஸ் கித்தாரை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு பாலம் தாண்டி வந்தேன். நீ ஒரு கித்தாரோடு சுவரில் சாய்ந்திருந்தாய். அதில் ஒரு தந்திக்குப் பதிலாகச் சைக்கிள் பிறேக் வயரின் இழை முறுக்கியிருந்தது. என்னுடையதை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இதென்ன, நாலு தந்திதான் கிடக்கு? மிச்சத்தை மண்டபத்திலயே விட்டிட்டு வந்தனீயோ?" என்றாய். அன்றிலிருந்து நாங்கள் ஒரு கோஷ்டி. டிரம்ஸுக்கும் கீபோர்ட்டுக்கும் ஆட்கள் மாறி மாறி வந்தார்கள். நீயும் நானும் மட்டும் மாறவில்லை.

இந்த அம்ப் நீர்கொழும்பில் ஒரு பைலா ஆட்டப்பாட்டுக் கோஷ்டியிடம் பழையதாக வாங்கியது. நான் ஓய்வு கிடைக்கிற நாளெல்லாம் உன் வளவுக்கு வந்ததால் அதுவும் உன் கொட்டிலிலேயே தங்கியது. கடற்காற்றில் என் தந்திகள் செத்துப்போகும். அவற்றைக் கழற்றி உன் மனைவி ஜசிந்தாவின் சட்டியில் கொதிக்க வைத்து எடுத்தால் திரும்பவும் உயிர் வரும். அவள் குசினி வாசலில் நின்று கத்துவாள்: "அண்ணை, அந்தச் சட்டியில நாளைக்கு நான் சொதி வைக்கிறேல்லையோ?" நீ சிரிப்பாய். நீ சிரிக்கும்போதும் முகத்தைக் கொஞ்சம் திருப்பி, வலது பக்கத்தைத்தான் ஆட்களுக்குக் காட்டுவாய்.

மேடையில் நீ எப்போதும் என் அம்பை ஒட்டியே நிற்பாய். உன் இடது தோள் ஸ்பீக்கரில் உரசும். "சத்தத்தைக் கூட்டு" என்பாய். உனக்குப் பேஸில் ஆசை என்று நினைத்திருந்தேன். வயலில் இருந்தால் தண்ணிப் பம்ப் ஓடுகிற இடத்தில் குந்தியிருப்பாய். ஜசிந்தா கூப்பிட்டால் திரும்ப மாட்டாய். அவள் என்னிடம் ஒருமுறை மனம் விட்டுச் சொன்னாள்: "இவருக்கு என்னோட கதைக்கவே விருப்பமில்லை அண்ணை. வன்னியால வந்த நாளிலிருந்து இப்பிடித்தான்."

பிறகு அந்தப் பெடல் வந்தது. பாரிஸிலிருந்து என் மச்சினன் முதன்முதலாக ஊர் பார்க்க வந்தபோது கொண்டுவந்தான். உள்ளங்கையளவு இரும்புப் பெட்டி, மேலே சில குமிழ்கள். காலால் மிதித்தால் பேஸ் கித்தார் கித்தாராக இருக்காது. சின்தைசர் மாதிரிக் கொழகொழவென்று வாய் திறந்து மூடும். ஒரு குமிழைத் திருப்பினால் சுரம் உச்சியிலிருந்து சறுக்கிக்கொண்டு கீழே வரும். காலை எடுக்காமல் அழுத்தியிருந்தால் சத்தம் நிற்காது, தந்தி அடங்கின பிறகும் ஓடிக்கொண்டேயிருக்கும். சின்னப் பிள்ளைகள் மாதிரி நாங்கள் அதோடு விளையாடினோம்.

அந்த வருடத் திருநாளில் நற்கருணை ஆசீர்வாதம் முடிந்து, இன்னும் வெளிச்சம் இருக்கும்போதே பாட்டு நிகழ்ச்சி தொடங்கியது. பிள்ளைகள் முன்னுக்கு ஆடிக்கொண்டிருந்தார்கள். பைலா ஒன்றின் நடுவில் எல்லோரும் நிறுத்த, நான் தனியாக வாசிக்கிற இடம் வந்தது. பெடலை மிதித்தேன். சுரம் மேலே போய், அங்கிருந்து சறுக்கிக்கொண்டு இறங்கியது. பெரிய ஸ்பீக்கர்களில் அது நிலத்தை உலுக்கியது.

நான் நிமிர்ந்து பார்த்தபோது சனங்களைக் காணவில்லை. எல்லோரும் நிலத்தில் கிடந்தார்கள். தாய்மார் பிள்ளைகளுக்கு மேலே விழுந்து கிடந்தார்கள். ஒரு கிழவர் கதிரையைத் தலைக்கு மேல் பிடித்திருந்தார். வாசல் காவலரணில் நின்ற ஆமிக்காரன் மண்மூட்டைக்குப் பின்னால் குந்திவிட்டான். திரும்பினேன். நீ மேடையில் குப்புறக் கிடந்தாய். உன் கித்தார் உனக்குக் கீழே நசுங்கி ஒரு சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. யுத்தம் நடந்த காலமெல்லாம் அக்கரையில் இருந்தவன் நான். அந்த வளவில் நின்றுகொண்டிருந்தது நான் ஒருவன்தான்.

காலை எடுத்தேன். சத்தம் நின்றது. பிறகு எங்கோ ஒரு பெண் சிரித்தாள். "ஐயோ, கிபிர் பிளேன் குண்டு போட வருது எண்டெல்லோ நினைச்சன்!" அதோடு எல்லோரும் சிரித்தார்கள். சாறியைத் தட்டினார்கள், பிள்ளைகளின் முழங்காலைத் தடவினார்கள். சிரிப்பு நெடுநேரமாகியும் ஓயவில்லை. அழுகையை விட அதைத்தான் என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. சுவாமி மைக்கை வாங்கி மாதா பாட்டு ஒன்று எடுத்தார்.

லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் சாமான்களோடு திரும்பி வரும்போது நான் மன்னிப்புக் கேட்டேன்.

"நீ என்ன செய்தனீ? உனக்கு எப்பிடித் தெரியும்?" என்றாய். கொஞ்ச தூரம் போனபின், "உந்தச் சாமானை எறிஞ்சுபோடாத. எனக்கு அதில ஒரு வேலை கிடக்கு" என்றாய்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வந்தபோது கொட்டிலில் எனக்காகக் காத்திருந்தாய். அப்போதுதான் முதன்முதலாகச் சொன்னாய். யுத்தத்தின் கடைசிக் காலத்தில், கடலுக்கும் களப்புத் தண்ணீருக்கும் நடுவில், பதுங்குகுழிக்குப் பக்கத்தில் விழுந்த செல் குண்டு. உன் தங்கை அதில் போனாள். அவள் உன் இடது பக்கத்தில் இருந்தாள்.

"செல் விழுந்த பிறகு கன பேருக்குக் காது கேக்காமல் போச்சு மச்சான். எனக்கு அப்பிடியில்லை. இந்தக் காதில கேட்டுக்கொண்டே இருக்கு. இண்டைவரைக்கும் நிக்கேல்லை."

"என்ன சத்தம்?"

"அதைத்தான் சொல்ல ஏலாமல் கிடக்கு. நீ பெடலை மிதி. நான் சொல்லுறன்."

அப்படித்தான் தேடத் தொடங்கினோம். நான் அடித் தந்தியை மீட்டிப் பெடலை அழுத்திக்கொண்டிருப்பேன். நீ கண்ணை மூடி, வலது காதால் அம்பையும் இடது காதால் உன்னையும் கேட்பாய். "மேல... இன்னும் மேல... இல்லை, இது வடிவாக் கிடக்கு. அது வடிவில்லை. கொஞ்சம் ஊத்தையாக்கு." குமிழ்களைத் திருப்புவேன். "கிட்ட வந்திட்டாய். இது தனிச் சத்தம். எனக்கு ரெண்டு சத்தம் உரசுற மாதிரி." பல ஞாயிறுகள் போயின. வெயிலில் தகரம் கொதிக்கும். சில நாள் நீ பாதியில் எழும்பிப் போய்க் கிணற்றடியில் தலையை நனைத்துக்கொண்டு வருவாய். விட்டுவிடுவோம் என்று நான் சொன்னால், "ஒரு மனுசருக்காவது கேக்க வேணும்" என்பாய்.

பிறகு ஒரு பின்நேரம், இரண்டு சுரங்களை மிகக் கிட்டக் கொண்டுவந்து, பெடலின் வாயை முக்கால்வாசி மூடினேன். ஒரு முனகல் வந்தது. பெரிய சத்தமில்லை. தூரத்தில் ஏதோ இரும்பு ஓயாமல் நடுங்குவது போலிருந்தது. நீ கண்ணைத் திறந்தாய். என் முழங்காலைப் பிடித்து அழுத்தினாய், கால் அசையக் கூடாது என்று.

"இதுதான்."

அந்த நேரம் ஜசிந்தா பிளேன்ரீயோடு வந்தாள். "இதென்ன சத்தம்? பல் கூசுது, நிப்பாட்டுங்கோ."

"இஞ்ச வந்து இரு," என்றாய். "இது என்ர காதுக்குள்ள கிடக்கிறது."

அவள் தட்டை நிலத்தில் வைத்துவிட்டு உன் பக்கத்தில் இருந்தாள். முதலில் அம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உன்னைப் பார்க்கத் தொடங்கினாள். தேநீர் ஆறிப்போயிற்று. என் கால் விறைத்தது.

"எப்ப எப்ப கேக்கும்?"

"எப்பவும்."

"நான் கதைக்கேக்கையும்?"

"ஓம். இதுக்குள்ளாலதான் உன்ர குரல் வரும்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு என்னிடம், "காணும், நிப்பாட்டுங்கோ அண்ணை" என்றாள். காலை எடுத்தேன். கொட்டில் சட்டென்று வெறுமையானது. காகமும் தூரத்தில் யாரோ விறகு கொத்துவதும் கேட்டன. நானும் அவளும் மூச்சு விட்டோம். அப்போதுதான் அவள் உன்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"உங்களுக்கு இன்னும் நிக்கேல்லை, என்ன?"

நீ இல்லையென்று தலையாட்டினாய். அவள் எழுந்து உன் வலது பக்கத்துக்கு வந்து இருந்தாள். அன்றிலிருந்து அவள் அந்தப் பக்கத்தை விட்டதை நான் பார்க்கவில்லை.

உன் கடைசிக் காலம் நல்ல காலமாக இருந்தது என்று நம்ப விரும்புகிறேன். பம்படியில் குந்துவதைக் குறைத்துக்கொண்டாய். தங்கையின் பெயரை வீட்டில் சொன்னாய். பெரியமடுவில் ஒரு கலியாண வீட்டில் பைலாவுக்கு நீயே இறங்கி ஆடினாய். பெடலை மேடையில் மிதிக்கச் சொன்னவனும் நீதான். "சறுக்கிறதை மட்டும் விடு. மிச்சம் நல்லாத்தான் கிடக்கு" என்றாய்.

பிறகு ஒரு மாரியில், வயல் சேற்றில் நின்ற உனக்கு எலிக்காய்ச்சல் வந்தது. மன்னார் பெரியாஸ்பத்திரியில் பார்க்க விடுகிற நேரம் வந்தேன். கண்கள் மஞ்சளித்திருந்தன. மேலே மின்விசிறி கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. என்னைக் குனியச் சொன்னாய்.

"மச்சான், சத்தம் குறைஞ்சு போச்சு."

"நல்லதுதானேடா."

"இல்லை." உன் முகத்தில் நான் முன்பு காணாத பயம். "தங்கச்சியின்ர பக்கம் வெறுமையாப் போச்சு."

மறுநாள் நீ இல்லை.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து, சாப்பிட்ட சனம் கலைந்த பிறகு ஜசிந்தா என்னைக் கொட்டிலுக்குக் கூப்பிட்டாள். அம்பைக் காட்டி, "அவற்ர சத்தத்தை ஒருக்காப் போடுங்கோ அண்ணை" என்றாள்.

நான் குமிழ்களை அதற்குள் எத்தனையோ நிகழ்ச்சிகளுக்குத் திருப்பியிருந்தேன். நினைவிலிருந்து தேடினேன். "இதுதானோ?" என்று கேட்டேன். "இல்லைப் போல," என்றாள். இன்னும் கொஞ்சம் திருப்பினேன். "இதோ?" "தெரியேல்லை அண்ணை." நாங்கள் இருவரும் அதைக் கேட்டவர்கள். ஆனாலும் இதுதான் என்று சொல்லக்கூடிய காது இரண்டு பேரிடமும் இல்லை. பொழுது சாயும்வரை தேடினோம். கடைசியில் ஏதோ ஒரு முனகலில் அவள் கையைக் காட்டினாள். "இது காணும். இதையே வைச்சுக்கொள்ளுவம்." கண்ணை மூடி அதைக் கேட்டாள். அது உன்னுடையதல்ல என்று எனக்குத் தோன்றியது. அவளுக்கும் தோன்றியிருக்கும்.

பிறகு அவள் பிள்ளைகளோடு தாய் வீட்டுக்குப் போனாள். நான் அம்பைப் பேசாலைக்குக் கொண்டுவந்தேன்.

உனக்கு இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். கொஞ்ச நாளாக எனக்கும் ஒரு சத்தம் கேட்கிறது. ஸ்பீக்கருக்கும் ஐஸ் கொம்பனி மெசினுக்கும் பக்கத்தில் இத்தனை வருடம் நின்றதால்தான் என்று காது டொக்டர் சொன்னார். இனிப் போகாதாம். முதலில் அது நீயென்று நினைத்தேன். ஒளித்து வைத்துக்கொண்டு, ஆளில்லாத நேரங்களில் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் உன்னுடையதைப் போல அது உரசவில்லை. மெல்லிய, ஒற்றைச் சத்தம். அதற்குப் பின்னால் செல் குண்டும் இல்லை, தங்கையும் இல்லை. என்னுடையது மட்டும்.

இன்று அம்பை அணைத்த பிறகு அது நன்றாகவே கேட்டது. நான் குசினிக்குப் போய், மீன் வெட்டிக்கொண்டிருந்த என் மனைவியிடம் சொன்னேன். அவள் கத்தியை வைத்தாள்.

"என்ன மாதிரிச் சத்தம்?"

வாயால் முனகிக் காட்டினேன். அவள் கையில் செதிலோடு, தலையைச் சரித்து, அதே மாதிரி முனகிப் பார்த்தாள்.

"இதோ?"

"இல்லை," என்றேன். "இன்னும் கொஞ்சம் கீழே."