இடது மூக்கு

அன்புள்ள உங்களுக்கு,

மூக்கில் வைத்த பஞ்சை எடுக்கும்வரை பேச வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நான் உள்ளே வந்து பேசினால் நீங்கள் பதில் சொல்லாமல் இருக்க மாட்டீர்கள். அதனால் எழுதி நர்ஸிடம் கொடுத்தனுப்புகிறேன்.

பரிசோதனை முடிவு வந்துவிட்டது. புற்றுநோய் இல்லை. ரத்தக்குழாய்கள் திரண்டு வளர்ந்த சாதாரணக் கட்டிதான், அபூர்வமாக வருமாம். முகத்தில் வெட்டாமல், மூக்கின் வழியாகவே முழுவதும் எடுத்துவிட்டார்கள்.

உங்கள் பட்டாசுக் கம்பெனியிலிருந்து மாரிக்கண்ணன் போன் செய்தான். "மதினி, வெடிமருந்துப் பொடி மூக்குல ஏறுனதுதான். இனியும் அண்ணனுக்குத் தினம் ரெண்டு வாழைப்பழம் குடுங்க, இறங்கிரும்" என்கிறான். அவன் பேச்சைக் கேட்டு இரண்டு சீசன் பழம் தின்றீர்கள். "பொடி ரெண்டு மூக்குலயும்தானே போகும், ரத்தம் ஏன் இடதுல மட்டும் வருது?" என்று நான் கேட்டதற்கு, "வாத்திச்சியம்மா ஆரம்பிச்சுட்டாக" என்று சிரித்தீர்கள். ஆனாலும் மறுநாள் என்னோடு மதுரைக்கு, இந்த ஆஸ்பத்திரிக்கு வந்தீர்கள்.

மூக்கு அடைத்து நீங்கள் வாயால் மூச்சு விடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் தூங்கிப் பழகியிருக்கிறேன். இனி சத்தமே இருக்காதாம். கொஞ்ச நாள் எழுந்து எழுந்து உங்கள் மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பேன். திட்டாதீர்கள்.

வெளியே பெஞ்சில் இருக்கும்
உங்கள் வாத்திச்சி