கடைசியாக நீங்கள் நிரப்பிய டேங்க்

என்னங்க,

இருபத்தெட்டு வருஷம் இந்த ஒரு சொல்லால்தான் உங்களைக் கூப்பிட்டேன். இப்போதும் வாய்வரை வந்துவிடுகிறது. பதில் சொல்லத்தான் வீட்டில் ஆளில்லை.

உங்கள் பழைய காரைப் பற்றித்தான் எழுதுகிறேன். கோபப்படாதீர்கள். அதை நான் கெடுத்துவிட்டேன்.

பெட்ரோலில் எத்தனால் கலந்து ஊற்றுவீர்கள். போதாதென்று, இன்ஜின் இழுக்கும் காற்றில் தண்ணீர் தூவ ஒரு பாட்டிலும் மாட்டினீர்கள். "கார் என்ன ரோஜாச் செடியா, தண்ணி ஊத்துறீங்க?" என்று கத்துவேன். "மேடு ஏறும்போது பழைய இன்ஜின் சூட்டுல டொக்டொக்குனு தட்டும், ரோஸி. தூவுனா அடங்கிடும்லா," என்று சிரிப்பீர்கள்.

நீங்கள் போய் ஐந்து மாதம் காரை எடுக்கவில்லை. சுபாங் ஜெயாவிலிருந்து மகன் வந்து, "ஓட்டுங்கம்மா, இல்லாட்டி வித்துடலாம்," என்றான். எப்படி ஓட்டுவேன்? டேங்கில் இருந்தது நீங்கள் கடைசியாகக் கலந்து ஊற்றியது. ஓட்டினால் தீர்ந்துவிடுமே.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தினமும் காலையில் மாடியிலிருந்து கீழே போய் டேங்க் மூடியைத் திறந்து மோந்து பார்ப்பேன். உங்கள் சட்டையின் வாசம் அது. சட்டைகளை எல்லாம் துவைத்துத் தொலைத்துவிட்டேனே, பைத்தியக்காரி! மழை நாளிலும் போவேன். சில நாள் மூடியைச் சரியாகத் திருகாமலே மேலே வந்துவிடுவேன்.

போன வாரம் ஸ்டார்ட் செய்தேன். இருமிவிட்டு நின்றுவிட்டது. கிள்ளானில் வொர்க்‌ஷாப் வைத்திருக்கும் உங்கள் கூட்டாளி சிவா வந்து இழுத்துப் போனார். டேங்கில் இருந்ததை ஒரு கண்ணாடி ஜாடியில் பிடித்துக் காட்டினார். மேலே பெட்ரோல், அடியில் தனியாக ஒரு கலங்கல்.

"எத்தனால் ஈரத்த இழுக்கும்க்கா. வச்சிருந்தா தண்ணியோட பிரிஞ்சி அடியில தங்கிடும். மூடிய தொறந்து போட்டிருந்தீங்களா?"

"சில நாள் சரியாத் திருகல," என்றேன்.

"கலந்தா ஓட்டிடணும், வச்சிருக்கக் கூடாது" என்று எத்தனை தரம் சொன்னீர்கள்! காதில் வாங்கினேனா? "கொட்டிடவாக்கா?" என்று கேட்டார். சரி என்று தலையாட்டினேன்.

ஊறிப்போன ரப்பர் குழாயை மாற்றி, புதுசாகப் பெட்ரோல் எண்ணெய் அடித்ததும் கார் கிளம்பியது. தண்ணீர் பாட்டிலைக் கழற்றட்டுமா என்றார். தொடக் கூடாது என்றேன். நானே அதை நிரப்பி, பிரிக்ஃபீல்ட்ஸில் நம் வீடு வரை ஓட்டி வந்தேன். மேட்டில் இன்ஜின் தட்டவே இல்லை. "பாத்தீங்களா!" என்று பக்கத்தில் திரும்பினேன். நான் உட்காரும் சீட்தான் காலியாக இருந்தது.

இனி ஞாயிறுதோறும் காரை எடுப்பேன். பாட்டிலை வற்றவிட மாட்டேன். டேங்க் மூடியை எண்ணெய் அடிக்க மட்டும்தான் திறப்பேன். அப்போது மட்டும் கொஞ்சம் குனிந்துகொள்கிறேன், திட்டாதீர்கள். இப்போது அதில் வெறும் பெட்ரோல்தான். உங்கள் வாசம் பாதிதான் வருகிறது.

உங்கள் மனைவி,
ரோஸி